முடிவுக்குச் சேராத நேரம்

இருட்டறை. திரையில் வெள்ளைப் புள்ளிகள்,
கொட்டிச் சிதறிய ரவை போல.
சில இடப்பக்கம் நகரும், சில வலப்பக்கம்,
மிச்சம் எதிலும் சேராமல் மினுங்கி அணையும்.
கூட்டம் எந்தப் பக்கம் போகிறதென்று
தெரிந்த கணம் பொத்தானை அழுத்த வேண்டும்.
அவ்வளவுதான் சோதனை.
குரோனிங்கன் நகரத்து மழைநாளில்
இதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.
ஹீட்டர் உண்டு, காப்பி உண்டு,
சரியான விடைக்கு இருபது சென்ட்.

என் சமன்பாட்டில் மனசு என்பது ஒரு துளி.
மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு.
ஒவ்வொரு புள்ளியும் ஒரு தள்ளு தள்ள
துளி ஏறும், சறுக்கும், பின்னும் ஏறும்.
எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுவே முடிவு.
மதில்மேல் பூனை என்று இதைச் சொல்லாதீர்கள்.
பூனைக்கு மதிலில் உட்காரத் தெரியும்.
இது இருதலைக் கொள்ளிக்குள் எறும்பு:
ஓடித்தான் ஆக வேண்டும்,
எந்த முனையைத் தொட்டாலும் ஓட்டம் தீர்ந்தது.

பதினேழாம் ஆள் ஆல்ட்ரிக்.
முப்பத்தோரு வருஷம் கால்வாய்ப் பாலம் தூக்கியவர்.
இப்போது எங்கோ ஓர் அறையில்
ஒருவரே ஒன்பது பாலங்களைக் கேமராவில் பார்க்கிறாராம்.
நாற்காலியில் உட்காரும் முன்
அதன் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

அறுபத்திரண்டாம் சுற்று.
புள்ளிகள் ஓடின. அவர் அழுத்தவில்லை.
மூன்று நொடி. பத்து நொடி.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்
என் நிரலை மனசுக்குள் வாசித்தேன்:
பொத்தான் விழும்வரை காத்திரு,
காத்திரு,
காத்திரு.
அழுத்தாமலே இருக்கிறவருக்கு
நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

கதவைத் திறந்தேன். கைகட்டி உட்கார்ந்திருந்தார்.
“படகு வரவில்லையே” என்றார்.

உண்மைதான்.
சில சுற்றுகளில் புள்ளிகளுக்குத் திசையே கிடையாது.
எது சரியென்று கணினி காசு சுண்டிப் பார்த்துக்கொள்ளும்.
ஒன்றுமில்லாததில் மனசு எதைக் காண்கிறதென்று
காணத்தான் அந்த ஏற்பாடு.
சொன்னேன்.
சொல்லக் கூடாது, சொன்னேன்.

“இதற்கு முன்பும் வந்ததா?”
ஒன்பது முறை.
“ஒன்பது முறையும் அழுத்தினேனா? நானா?”
அழுத்தினீர்கள். நான்கில் கூலியும் வாங்கினீர்கள்.
வெகுநேரம் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார்,
வேறு யாருடையதோ போல.
போகும்போது விசைப்பலகைமேல் வைத்துப் போனார்
நாலு காசு, ஒன்றின்மேல் ஒன்று.

விதி முன்கூட்டியே எழுதியது, என்றான் வீப்ரென்,
மூன்று நொடி தாண்டினால் ஆள் நீக்கம்.
அவன் சொன்னது சரி.
விதியை எழுதியது நான்.

எங்கள் கணக்கில் இன்னொரு எண் உண்டு.
ஒளி கண்ணுக்குள் போகும் நேரம்,
விரலுக்குச் சேதி இறங்கும் நேரம்,
இரண்டையும் கூட்டிக் கழித்துவிட்டு
மிஞ்சியதைத்தான் முடிவு என்போம்.
கழித்ததற்குப் பெயர்
முடிவுக்குச் சேராத நேரம்.
மற்றவர்களுக்கு அது நொடியில் மூன்றிலொரு பங்கு.
ஆல்ட்ரிக்குக்கு நிரல் திணறியது.
ஓர் எண்ணில் நிற்காமல் விடியும்வரை ஏறிக்கொண்டே போனது.
கைகட்டி இருந்த அந்த நேரத்தை
எதில் சேர்ப்பதென்று அதற்குத் தெரியவில்லை.

எனக்கும்.

கட்டுரையில் அவருக்கு ஒரு வரி:
பங்கேற்றவர் ஒருவர் விலக்கப்பட்டார்.
மூன்று சொல்.
எழுத நாலு நாள் ஆயிற்று.
யாரும் என் நேரத்தை அளக்கவில்லை, நல்லவேளை.

எண்பது சென்ட் இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது.
கணக்குப் பிரிவின் படிவத்தில்
கொடுத்த பணத்துக்குக் கட்டம் உண்டு,
திரும்பி வந்ததற்கு இல்லை.

நேற்று மாலை வீட்டுக்குப் போகையில்
பாலம் தூக்கியிருந்தது.
தூறலில் முப்பது நாற்பது சைக்கிள்,
எல்லோரும் ஒரு காலை ஊன்றி.
படகென்று எதுவும் கண்ணில் படவில்லை,
தண்ணீரில் மழைப் புள்ளிகள்தான்,
அவை எந்தப் பக்கமும் போகவில்லை.
பின்னால் ஒரு பையன் மணியடித்தான்,
யாரைப் பார்த்து என்று அவனுக்கே தெரியாமல்.